பனி போனால் பனிக்கரடி கரையில் பிழைத்துக்கொள்ளாதா?

மலர்விழி:

வணக்கம். என் மகளுக்குப் பதினோரு வயது. நேற்று ராத்திரி படுக்கப் போகும் நேரத்தில் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். மேசை அளவுகூட இல்லாத பனித்துண்டின் மேல் ஒரு பனிக்கரடி நிற்கிறது, சுற்றிலும் தண்ணீர். "அம்மா, இதுக்கு நீந்தத் தெரியும்தானே? நீந்திக் கரைக்கு வந்து, மத்த கரடி மாதிரி பழம், மீன், முட்டைன்னு எதையாவது தின்னு பிழைச்சுக்கலாமே. எதுக்கு எல்லாரும் பாவம்னு சொல்றாங்க?" என்று கேட்டாள்.

"அதுக்குக் குளிர் வேணும்டா" என்றேன். "கரையிலும் குளிர்தானே இருக்கு" என்றாள். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்டாள். கரடி என்றால் குளிர்காலம் முழுக்கச் சாப்பிடாமல் தூங்குமே, அப்படிப் பட்டினி கிடக்கத் தெரிந்த விலங்கு கோடையில் இன்னும் கொஞ்ச நாள் சேர்த்துக் கிடந்தால் என்ன? அவளிடம் பூசி மெழுகிப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அறிவொளி:

நான் படித்தவரை விஷயம் சூடுதான். பனிக்கரடியின் முடி வெள்ளையே கிடையாது, நிறமில்லாத குழாய். ஒவ்வொரு முடியும் கண்ணாடி இழை மாதிரி வெயிலை உள்ளே இழுத்துக் கறுப்புத் தோலுக்குக் கொண்டுபோகும். அவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கும் உடம்போடு பனி இல்லாத இடத்தில் இருந்தால் தாங்காது. ஆனால் பழுப்புக் கரடியின் வழியில் வந்த இனம்தானே. ஒரு தடவை மாறியது திரும்பவும் மாறிக்கொள்ளும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கதிரவன்:

மலர்விழி, உங்கள் மகள் கேட்டது ஆராய்ச்சி செய்பவர்களே பல வருடம் முட்டி மோதிய கேள்வி. அவளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நான் கனடாவின் மனிடோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் இருக்கும் சர்ச்சில் ஊரில் இரண்டு இலையுதிர்காலம் வேலை பார்த்தேன். அந்த ஊருக்குச் சாலை கிடையாது, ரயிலில் போக வேண்டும் அல்லது விமானத்தில். கரடி பார்க்க வருபவர்களை ஏற்றிப் போகும் உயரமான பெரிய சக்கர வண்டியில் நான் உதவியாள். சூப் ஊற்றிக் கொடுப்பது, ஜன்னலில் படியும் ஆவியைத் துடைப்பது, யாரும் கையை வெளியே நீட்டாமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் வேலை. மிச்ச நேரமெல்லாம் கரடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம். பார்த்ததைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில் அன்றிலிருந்து படித்துக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் அந்தப் படம். சின்னப் பனித்துண்டில் நிற்கும் கரடி தத்தளிக்கிறது என்று அர்த்தமில்லை. அது கால் ஆற நிற்கலாம், சீல் (கடல்நாய்) வருகிறதா என்று பார்க்கலாம். அதற்குப் பிரச்சினையே இல்லாத ஒரு சாதாரண நாளாகக்கூட இருக்கலாம். உண்மையான கஷ்டம் படத்தில் விழாது. கரையில் ஒரு கரடி படுத்துத் தூங்குகிறது, அவ்வளவுதான் தெரியும். முதல் வருடம் நானே அப்படித்தான் நினைத்தேன், எவ்வளவு சோம்பேறியான விலங்கு என்று. கடற்பாசிக் குவியலில் உடம்பைப் புதைத்துக்கொண்டு, முன்காலில் முகவாயை வைத்துக்கொண்டு, மணிக்கணக்காக அசையாமல் கிடக்கும். வண்டி பக்கத்தில் வந்து நின்றால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். அது தூக்கம் இல்லை, சிக்கனம் என்று எனக்குப் புரிய ஒரு சீசன் முழுக்க ஆனது.

பனிக்கரடியின் முக்கிய உணவு வளையச் சீல் என்ற சிறிய கடல்நாய். அடுத்தபடியாகத் தாடிச் சீல். வளையச் சீல் தண்ணீரில் இருக்கும்போது கரடியால் அதைத் தொடக்கூட முடியாது, அவ்வளவு வேகம். ஆனால் சீலும் மூச்சு விட வேண்டுமே. கடல் உறையத் தொடங்கும்போதே அது தன் முன்துடுப்பு நகத்தால் பனியில் ஓட்டைகளைப் பிறாண்டி வைத்துக்கொள்ளும். பனி இரண்டு மீட்டர் தடித்தாலும் குளிர்காலம் முழுக்க அந்த ஓட்டைகள் மூடாமல் பார்த்துக்கொள்ளும். கரடி அந்த ஓட்டைப் பக்கத்தில் போய் நிற்கும், அல்லது படுக்கும். காலை அசைத்தாலும் சத்தம் கீழே கேட்டுவிடும். அப்படியே மணிக்கணக்காக. சீல் மூக்கை நீட்டும் அந்த ஒரு நொடிதான் அதற்குக் கிடைக்கும் நேரம். பெரும்பாலும் வெறும் வயிற்றோடு அடுத்த ஓட்டைக்கு நடக்கும்.

ஆகவே பாப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: பனி அதன் வீடு இல்லை, அதன் வயல். பனி போனால் சீல்கள் கடலில் அப்படியே இருக்கும், கரடியால் பிடிக்க முடியாது.

இப்போது கரையில் பழம், முட்டை தின்னலாமே என்ற கேள்வி. தின்னும். என் கண்ணால் பார்த்தேன். அக்டோபர் நடுவில் ஒரு தாய்க்கரடியும் ஒரே ஒரு குட்டியும் குட்டை வில்லோப் புதர்களுக்கு நடுவே நான்கு நாள் இருந்தன. தாயின் வாயோரம் முழுக்க ஊதா நிறம், தரையோடு படர்ந்த செடிகளில் இருந்த சிறு பழங்களை மேய்ந்திருக்கிறது. வெள்ளை முடியில் அந்தக் கறை மை கொட்டியதுபோல் தெரிந்தது. அதே கரடி எழுந்து திரும்பியபோது இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது. வண்டியில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பழம் தின்ற வாயும் எலும்பு தெரியும் இடுப்பும் ஒரே உடம்பில்.

கணக்கு போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். பனியில் வேட்டையாடும் பெண் கரடிகளை 2014 முதல் 2016 வரை அலாஸ்காவுக்கு வடக்கே இருக்கும் பியூஃபோர்ட் கடலில் அளந்து பார்த்தார்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக 12,300 கலோரி செலவாகிறது, அதுவரை நினைத்திருந்ததைவிட 1.6 மடங்கு. 100 கிராம் புளூபெர்ரியில் 60 கலோரிகூட இல்லை. அந்தச் செலவைப் பழத்தால் ஈடுகட்ட ஒரு நாளைக்கு 20 கிலோவுக்கு மேல் ஒவ்வொன்றாகப் பறித்துத் தின்ன வேண்டும். தூய கொழுப்பாக இருந்தால் ஒன்றரைக் கிலோகூட வேண்டாம். கரையில் படுத்துக் கிடந்தால் செலவு குறையும், சரி. ஆனால் அப்போதும் வரவு எட்டவில்லை. 2019 முதல் 2022 வரை ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் 20 கரடிகளின் கழுத்தில் கேமரா கட்டி, ஒவ்வொன்றையும் மூன்று வாரம் போலப் பின்தொடர்ந்தார்கள். சில கரடிகள் படுத்தே கிடந்தன. சில அலைந்து திரிந்து பழம், பறவை, புல், எலும்பு என்று கிடைத்ததையெல்லாம் தின்றன. சில கடலில் வெகுதூரம் நீந்தின. அப்படி நீந்தியதில் இரண்டு, செத்து மிதந்த விலங்குகளைக் கண்டுபிடித்தும் தண்ணீரில் வைத்துச் சரியாகத் தின்னவோ கரைக்கு இழுத்து வரவோ முடியாமல் விட்டுவிட்டன. 20-இல் 19 இளைத்தன. சில கரடிகள் நாளுக்கு 1.7 கிலோ வரை இழந்தன. இதில் என்னை உலுக்கியது வேறு: அலைந்து தின்றவையும் படுத்தே கிடந்தவையும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இளைத்திருந்தன. தேடிப் போன நடைக்கே தின்றது சரியாகிவிட்டது.

அறிவொளி சொன்ன கண்ணாடி இழை விஷயம் அழகான கதை, நானும் ரொம்ப நாள் நம்பினேன். 1998-இல் ஒரு இயற்பியலாளர் பனிக்கரடி முடியை எடுத்து ஒளியை உள்ளே விட்டே பார்த்துவிட்டார். ஒரு அங்குலம் தாண்டுவதற்குள் ஒளி செத்துவிடுகிறது. முடி நிறமில்லாதது, தோல் கறுப்பு, இரண்டும் உண்மை. வெள்ளையாகத் தெரிவது ஒளி சிதறுவதால். வெப்பத்தைக் காப்பது அடர்ந்த உள்முடியும் கீழே இருக்கும் கொழுப்பும்.

அந்த முடியில் நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பூஜ்ஜியத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு டிகிரி இருந்த ஒரு நாள், ஒரு ஆண் கரடி தண்ணீரிலிருந்து கரையேறியது. என் கையுறையில் ஒரு துளி விழுந்தாலே உறைந்து ஒட்டிக்கொள்ளும் குளிர். அது ஒரு முறை உடம்பை உதறியது, தலையிலிருந்து பின்பக்கம் வரை ஒரு அலைபோல. அப்புறம் பனியில் முதுகைத் தேய்த்துப் புரண்டது. எழுந்தபோது முடியில் ஒரு பனிக்கட்டிகூட ஒட்டவில்லை. 2025-இல்தான் இதற்குப் பதில் வந்தது. அதன் முடியில் இருக்கும் எண்ணெய்ப்பசைதான் காரணம். நம் தலைமுடி எண்ணெயில் நிறைய இருக்கும் ஸ்குவாலீன் என்ற பொருள் அதில் இல்லை, அதனால் பனி பிடிப்பதில்லை. ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகளான இனூயிட் மக்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கிறார்கள். சீல் வேட்டைக்குப் போகும்போது பனியில் சத்தம் வராமல் இருக்க, காலணிக்கு அடியில் பனிக்கரடித் தோலைக் கட்டுவார்கள்.

மாறிக்கொள்ளும் என்பதற்கு வருகிறேன். பழுப்புக் கரடியிடமிருந்து இது பிரிந்து சில லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. மரபணு ஆய்வுகள் சொல்லும் காலம் ஒன்றுக்கொன்று மாறுபட்டாலும் எல்லாம் லட்சக் கணக்கில்தான். அந்த நீண்ட காலத்தில் அது கொழுப்பைத் தின்று வாழும் உடம்பாக மாறியது. ரத்தத்தில் கொழுப்பைக் கையாளும் மரபணுக்களிலேயே மாற்றம் தெரிகிறது. ஒரு பனிக்கரடித் தலைமுறை என்பது பதினொரு, பன்னிரண்டு ஆண்டு. பனி குறைந்துவரும் இந்த நாற்பது சொச்சம் ஆண்டுகளில் நான்கு தலைமுறைகூட முடியவில்லை. நான்கு தலைமுறையில் பற்களும் குடலும் மாறாது. அதோடு அந்தக் கரையில் ஏற்கெனவே வாழும் பழுப்புக் கரடிகளைப் பாருங்கள். மரமில்லாத வடக்குச் சமவெளியில் இருப்பவை பழுப்புக் கரடிகளிலேயே சிறியவை, எண்ணிக்கையும் மிகக் குறைவு. அந்த நிலம் அவ்வளவு கரடிக்குத்தான் சோறு போடும். அதைவிடப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அங்கே எப்படிப் பிழைப்பது?

நீந்தத் தெரியுமா என்று பாப்பா கேட்டாளே. நன்றாகத் தெரியும். 2008-இல் பியூஃபோர்ட் கடலில் ஒரு தாய்க்கரடி பனியைத் தேடி ஒன்பது நாள் இடைவிடாமல் 687 கிலோமீட்டர் நீந்தியது. பனியை அடைந்தது. ஆனால் மீண்டும் பிடித்து எடை பார்த்தபோது 22 சதவீதம் குறைந்திருந்தது. உடன் இருந்த ஒரு வயதுக் குட்டி இல்லை.

சந்துரு:

கதிரவன் சார், ஒரு சந்தேகம். 1960-களில் இருந்ததைவிட இப்போது பனிக்கரடிகள் அதிகம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எலும்பும் தோலுமாக ஒரு கரடி நடக்கும் வீடியோவைப் போட்டு ஊரெல்லாம் அழ வைத்தார்களே, அதையும் பிறகு மறுத்தார்கள். எதை நம்புவது?

கதிரவன்:

சந்துரு, நியாயமான கேள்வி.

அந்தக் காலத்தில் கரடியைக் கட்டுப்பாடே இல்லாமல் சுட்டார்கள். விமானத்தில் போய்ச் சுட்டார்கள், பொறித் துப்பாக்கி கட்டி வைத்துச் சுட்டார்கள். 1973-இல் ஆஸ்லோ நகரத்தில் கனடா, அமெரிக்கா, டென்மார்க், நார்வே, சோவியத் யூனியன் ஐந்தும் ஒப்பந்தம் போட்டன. அப்புறம் பல இடங்களில் கரடிகள் மீண்டன. அது உண்மையான வெற்றி, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. துப்பாக்கியை நிறுத்தினால் இந்த விலங்கு திரும்பி வரும் என்று அது காட்டியது. ஆனால் இப்போது வந்திருக்கும் ஆபத்துக்கு எந்த வேட்டைச் சட்டமும் மருந்து இல்லை.

உலகம் முழுக்க இன்று சுமார் 26,000 இருக்கலாம் என்பது மதிப்பீடு. அவை ஒரே கூட்டம் இல்லை, 20 கூட்டங்களாகப் பிரித்துக் கணக்கு வைக்கிறார்கள். எல்லா இடத்திலும் கதை ஒன்றில்லை. அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே சுக்சி கடலில் சுமார் 3,000 கரடிகள் நல்ல கொழுப்போடு இருந்ததாக 2018-இல் சொன்னார்கள். அங்கே கடல் ஆழம் குறைவு, சீல் நிறைய. அதற்குப் பக்கத்திலேயே தெற்கு பியூஃபோர்ட் கடலில் 2001-க்கும் 2010-க்கும் நடுவே 40 சதவீதம் குறைந்தன. தென்கிழக்கு கிரீன்லாந்தில் சில நூறு கரடிகள், பனியாறுகள் உடைந்து கடலில் விழும் நன்னீர்ப் பனியின் மேல் நின்று வேட்டையாடுகின்றன. அப்படிப்பட்ட இடம் உலகத்தில் மிகக் கொஞ்சம்.

நான் வேலை பார்த்த மேற்கு ஹட்சன் விரிகுடா எப்படி என்றால், 1987-இல் சுமார் 1,200. 2016-இல் 842. 2021-இல் 618. அந்த விரிகுடா பனிக்கரடி வாழும் பகுதிகளிலேயே தெற்கே இருப்பவற்றில் ஒன்று. கோடையில் பனி முழுவதும் உருகிவிடும். 1980-களோடு ஒப்பிட்டால் கரடிகள் இப்போது மூன்று, நான்கு வாரம் கூடுதலாகக் கரையில் கழிக்கின்றன. நாளுக்கு ஒரு கிலோ என்று வைத்தாலே 20, 25 கிலோ. அதோடு நிற்பதில்லை. பனி சீக்கிரம் உடைவதால் போவது வசந்தத்தின் கடைசி வாரங்கள், சீல்குட்டிகள் பாதி உடம்பு கொழுப்பாக இருக்கும் பருவம். வருடத்தின் பெரிய அறுவடையே அப்போதுதான். வரவும் குறைகிறது, பட்டினியும் நீள்கிறது.

அந்த வீடியோ பற்றிச் சொன்னது சரிதான். 2017-இல் எடுத்தது. அந்த ஒரு கரடி ஏன் அப்படி ஆனது என்று எடுத்தவர்களுக்கே தெரியாது. நோயாக இருக்கலாம், காயமாக இருக்கலாம், முதுமையாக இருக்கலாம். பருவநிலை மாற்றம் இப்படித்தான் இருக்கும் என்று போட்ட வாசகம் எல்லை மீறியது என்று வெளியிட்ட பத்திரிகையே அடுத்த வருடம் எழுதியது. அப்படிப் போட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு கரடியை வைத்து நிரூபிக்கப் பார்த்தால், அது பொய்யானவுடன் 618 என்ற எண்ணையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

நந்தினி:

பாப்பாவின் இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். கால்நடை மருத்துவம் படித்தவள், கரடி என் துறை இல்லை, ஆனால் பனிக்கரடியின் கர்ப்பத்தைப் படித்தபோது இரண்டு நாள் வேறு எதுவும் ஓடவில்லை.

எல்லாப் பனிக்கரடியும் குளிர்காலத்தில் தூங்குவதில்லை. சினையாக இருக்கும் பெண் மட்டும்தான் வளைக்குள் போகும். மற்றவை குளிர்காலம் முழுக்கப் பனியில் நடந்து வேட்டையாடும். பழுப்புக் கரடிக்கு அது பட்டினிக் காலம், பனிக்கரடிக்கு அது உணவுக் காலம்.

சேர்க்கை நடப்பது ஏப்ரல், மே மாதங்களில். ஆனால் கரு உடனே கருப்பையில் ஒட்டாது. மிகச் சிறிய உருண்டையாக வளர்ச்சி நின்றுபோய், இலையுதிர்காலம் வரை சும்மா கிடக்கும். அதற்குள் தாய் போதுமான கொழுப்பைச் சேர்த்திருந்தால் கரு பதிந்து வளரும். சேர்க்கவில்லை என்றால் அந்தக் கர்ப்பம் தொடராது. குட்டி பிறந்து சாவதற்குப் பதிலாக, பிறக்காமலே போய்விடும். இதனால்தான் ஒரு கூட்டம் குறையும்போது கரையெங்கும் செத்த கரடிகள் கிடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வளைகள் காலியாக இருக்கும், யார் கண்ணிலும் படாது.

பிறக்கும் குட்டி 600 கிராம் போல. கண் திறக்காது, பல் இருக்காது, மேலே முடி இருப்பதே தெரியாது. 300 கிலோ வரை இருக்கக்கூடிய தாய்க்கு அவ்வளவு சின்னக் குட்டி. காரணம் உண்டு. பட்டினியில் இருக்கும் தாய் கருப்பைக்குள் குட்டியை வளர்க்க வேண்டுமானால் தன் தசையைக் கரைத்துச் சர்க்கரை தர வேண்டும். சீக்கிரம் பெற்றுவிட்டால் பாலாகத் தரலாம், பாலைக் கொழுப்பிலிருந்து செய்துகொள்ளலாம். அந்தப் பாலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு. பசும்பாலில் 4 சதவீதம்தான் என்று நினைத்துப் பாருங்கள். வளையை விட்டு வெளியே வரும்போது குட்டி 10, 12 கிலோ ஆகியிருக்கும். அதுவரை தாய் தின்பதில்லை, குடிப்பதில்லை, மலம் சிறுநீர் கழிப்பதில்லை. ஹட்சன் விரிகுடாவில் கோடையிலிருந்தே பட்டினி என்பதால் மொத்தம் எட்டு மாதம்.

"இன்னும் கொஞ்ச நாள் சேர்த்துக் கிடந்தால் என்ன" என்று பாப்பா கேட்டாள். தாய் எப்படியாவது கிடந்துவிடும். வெளியே வந்த பிறகு, அடுத்த கோடையில், பட்டினி நீள நீளப் பாலில் கொழுப்பு குறைகிறது, சில தாய்களுக்குப் பாலே நின்றுவிடுகிறது. தாய் தன் உயிரைக் காத்துக்கொள்ளும், அந்தச் செலவை உடலே குட்டியின் பக்கமிருந்து வெட்டிவிடும். கூடுதல் நாட்களின் விலையை முதலில் கொடுப்பது குட்டி.

மலர்விழி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அவளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். வயல் என்று சொன்னதும் டக்கென்று பிடித்துக்கொண்டாள். நந்தினி எழுதியதை வாசித்தபோது என் குரல் கொஞ்சம் தடுமாறியது, அவள்தான் "மேலே படிம்மா" என்றாள்.

கதிரவன் ஐயா, அவளுக்கு உங்களிடம் ஒரே ஒரு கேள்வி இருக்கிறதாம். அந்த ஊதா வாய் அம்மாக்கரடியின் குட்டி, பனி வரும்வரை தாங்கியதா?

கதிரவன்:

அவளிடம் சொல்லுங்கள், தாங்கியது.

சர்ச்சிலில் கரடிகள் வந்து கூடுவதற்கே காரணம், அந்தப் பக்கம் கடல் முன்னதாக உறையும். ஆற்று நன்னீர் அங்கே கடலில் கலக்கிறது. நன்னீர் பூஜ்ஜியத்திலேயே உறைந்துவிடும், உப்புநீருக்கு இன்னும் இரண்டு டிகிரி போல இறங்க வேண்டும். வடமேற்குக் காற்று மிதக்கும் பனியைக் கரையோடு தள்ளிச் சேர்க்கும். கரடிகளுக்கு இது தெரியும். நவம்பர் தொடங்கியதும் தினமும் விளிம்புக்குப் போய் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்க்கும். சுமார் மூன்று வயது இருக்கும் ஒரு இளங்கரடி மெல்லிய பனியில் வயிற்றைப் பரப்பி, நான்கு கால்களையும் நான்கு பக்கம் நீட்டி, நீச்சல் அடிப்பதுபோல் தவழ்ந்து போனதைப் பார்த்தேன். எடை ஒரே இடத்தில் விழக்கூடாதாம். அதன் கீழே பனி வளைந்து ஏறி இறங்கியது. பத்து மீட்டர் போயிருக்கும், உடைந்தது. நீந்தித் திரும்பி வந்து, உதறிவிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்து மறுபடியும் கடலைப் பார்த்தது.

அந்த வருடம் நவம்பர் மூன்றாவது வாரத்தில் இரண்டு நாள் பலத்த காற்று, வண்டி எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை போனால் கரை முழுக்கக் காலி. முந்தைய வாரம் ஒரே நாளில் இருபது கரடி எண்ணிய இடம். ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு, கையால் காட்டினார். வில்லோப் புதர் ஓரத்திலிருந்து ஒரு தடம் நேராகக் கடலுக்கு இறங்கியது. ஒரு பெரிய கால், சாப்பாட்டுத் தட்டைவிட அகலம். அதற்குள்ளேயே, அம்மா மிதித்து இறுக்கிய பள்ளத்திலேயே கால் வைத்து நடந்த சின்னத் தடம். இடையிடையே மட்டும் வெளியே தாவி, கொஞ்ச தூரம் ஓடி, மறுபடியும் அம்மாவின் தடத்துக்குள் வந்திருந்தது. கரைப்பாறைகள் முடியும் இடத்தில் பனியின் மேல் ஏறி, வெள்ளையில் எங்கே முடிகிறது என்று தெரியாத தூரம் வரை போனது.